50 எக்ஸ் என்றால் 2 சதவீதம்

எங்கள் ஆபீஸில் ஆர்ட்டிக்கிள்ஷிப் (சிஏ படிப்புக்கான பயிற்சி) செய்யும் பையன் போன வாரம் டிபன் பாக்ஸை மூடிய கையோடு போனை என் பக்கம் நீட்டினான். திரையில் பிட்காயின் விலை. அதற்குக் கீழே ஒரு நீளக் கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை விரலால் தள்ளினால் 5, 10, 20 என்று ஏறுகிறது. அவன் 50-இல் நிறுத்தியிருந்தான்.

"அக்கா, 2,000 ரூபாய் போட்டா ஒரு லட்சத்துக்கு வாங்கலாமாம். விலை ஒரு பர்சன்ட் ஏறினாலே ஆயிரம் ரூபாய். போடலாமுங்களா?"

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மஞ்சள் மண்டி, ஜவுளி, ரிக் வண்டி என்று வருகிற கிளையண்டுகளுக்கு நடுவே இப்போது கிரிப்டோ ஸ்டேட்மெண்ட்டோடும் நாலைந்து பேர் வருகிறார்கள். ஆனால் அவன் என்னிடம் வந்து கேட்டதற்குக் காரணம் அது இல்லை. 2021-இல் நான் கையைச் சுட்டுக்கொண்ட கதை ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். தொகை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். கடைசியாகக் கேள்விப்பட்டபோது நான் மூன்று லட்சம் விட்டிருந்தேன். உண்மையில் விட்டது 500 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 38,000 ரூபாய். அப்போது அது எனக்குச் சின்னத் தொகை இல்லை.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் விலாவாரியாக.

அந்த ஒரு லட்சத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அதை யாரும் உனக்குக் கடனாகக் கொடுப்பதில்லை. கொடுத்தால் பான் கார்டு, சம்பளச் சீட்டு, ஜாமீன் என்று எத்தனை கேட்பார்கள்! ஃபியூச்சர்ஸில் நடப்பது வேறு. விலை ஏறும் என்று நீ ஒரு பக்கம் நிற்கிறாய். இறங்கும் என்று இன்னொருவர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். உன்னுடையது லாங், அவருடையது ஷார்ட். ஒரு லட்சம் என்பது இருவரும் பேசிக்கொண்ட அளவு, அவ்வளவுதான். இந்த வர்த்தகத்தை நடத்துகிற தளம் இரண்டு பேரிடமும் ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. தோற்றவனுடைய தொகையிலிருந்து ஜெயித்தவனுக்குக் கொடுக்கிறது. அந்த முன்தொகைதான் மார்ஜின். பேசிக்கொண்ட அளவு மார்ஜினைப்போல் எத்தனை மடங்கோ அதுதான் லெவரேஜ். 2,000 வைத்து ஒரு லட்சத்துக்குப் பேசினால் 50 எக்ஸ். பிட்காயின் ஒன்றும் உன் கைக்கு வராது.

எங்கள் பக்கம் இடம் வாங்கி விற்கிறவர்களுக்கு இது புதிதே இல்லை. 20 லட்சம் பெறுமான இடத்துக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத்துக்கு அக்ரிமெண்ட் போடுவார்கள். கிரயம் ஆவதற்கு முன்பே 22 லட்சத்துக்கு வேறு ஆளுக்குக் கைமாற்றி விட்டால், போட்ட ஒரு லட்சத்துக்கு இரண்டு லட்சம் லாபம். ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போச்சு. அசல் 20 எக்ஸ் இதுதான். ஒரே ஒரு வித்தியாசம். அந்த மூன்று மாதத்தில் ஏதோ ஒரு மதியம் இடத்தின் விலை ஒரு லட்சம் இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறிவிட்டால் இடத்துக்காரருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அக்ரிமெண்ட்டைக் கிழிக்க வர மாட்டார். கிரிப்டோ தளம் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கும். உன் அட்வான்ஸ் கரையப்போகிறது என்று தெரிந்த நொடியே உன் ஒப்பந்தத்தைச் சந்தை விலைக்கு விற்று மூடிவிடும். இதற்குப் பெயர் லிக்விடேஷன்.

எவ்வளவு இறங்கினால் மூடும்? 100-ஐ லெவரேஜால் வகுத்துக்கொள். 10 எக்ஸ் என்றால் 10 சதவீதம். 20 எக்ஸ் என்றால் 5. 50 எக்ஸ் என்றால் 2. அதுகூட முழுசாகக் கிடைக்காது. மார்ஜின் பூஜ்யம் ஆகும்வரை தளம் காத்திருக்காது, மெயின்டனன்ஸ் மார்ஜின் என்று கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மூடிவிடும். பிட்காயினில் சின்ன அளவுகளுக்கு அது அரை சதவீதம் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கும். ஆக 50 எக்ஸில் உனக்கு இருக்கும் இடம் ஒன்றரை சதவீதம். பிட்காயின் ஒன்றரை சதவீதம் ஆடுவதற்குச் செய்தி எதுவும் வேண்டாம், சும்மாவே ஆடும். விலை ஒரு சதவீதம் ஏறினால் எவ்வளவு வரும் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். ஏறுவதற்கு முன்னால் எவ்வளவு இறங்கலாம் என்ற கணக்கைப் போடவில்லை. 2021-இல் நானும் போடவில்லை.

அந்த வருடம் சித்திரை 1 அன்று பிட்காயின் 64,000 டாலரைத் தாண்டியது. அதே ஏப்ரல் 14-இல்தான் காயின்பேஸ் என்கிற அமெரிக்கக் கிரிப்டோ தளம் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. வாட்ஸப் குரூப்பில் அன்று புத்தாண்டு வாழ்த்தைவிட இந்தச் செய்திதான் அதிகம் வந்தது. மே 10-ஆம் தேதி முழு ஊரடங்கு வந்து ஆபீஸைப் பூட்டினார்கள். நான் கோபியில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். மளிகைக் கடைகூடக் காலை 10 மணியோடு மூடிய நாட்கள். வேலை கிடையாது, போன் மட்டும் உண்டு. மே 12-இல் டெஸ்லா இனி பிட்காயின் வாங்கிக்கொண்டு கார் தராது என்று எலான் மஸ்க் சொல்ல, விலை சரிய ஆரம்பித்தது. 18-ஆம் தேதி சீனாவில் மூன்று நிதித் துறைச் சங்கங்கள் சேர்ந்து, வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் கிரிப்டோ சேவை தரக் கூடாது என்று அறிவித்தன. பயந்தவர்கள் விற்கும்போது வாங்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நானும் தம்பியும் ஆளுக்கு 23,000 ரூபாய் போட்டோம். டாலர் மதிப்போடு கட்டிவைத்த யுஎஸ்டிடி என்கிற காயினாக மாற்றியபோது 300 டாலர் வந்தது. பிட்காயின் விலை 43,200 டாலர். தம்பி அதற்கு நேராகக் காயினே வாங்கிவிட்டான், 0.0069 சொச்சம். ஸ்பாட் என்பது அதுதான். நான் 10 எக்ஸ் லாங் போட்டேன். 3,000 டாலருக்கு ஒப்பந்தம். "நான் பத்து பங்கு சம்பாதிக்கப் போறேன், நீ பொரி கடலை வாங்கு" என்று அவனைக் கிண்டல் செய்தது இப்போதும் வீட்டில் அவ்வப்போது திரும்பி வரும்.

மறுநாள் காலையிலேயே விலை 40,000-க்குக் கீழே போய்விட்டது. ஆப்பில் என் லிக்விடேஷன் விலை என்று 39,030 சொச்சம் சிவப்பில் நின்றது. அப்போதுதான் அந்த எண்ணை முதல் தடவை கவனித்துப் பார்த்தேன், சத்தியமாக. விலை 39,500 பக்கம் வந்ததும் கை நடுங்க இன்னும் 200 டாலர் மார்ஜின் சேர்த்தேன். சிவப்பு எண் 36,140 பக்கம் இறங்கியது. ஏதோ உயிர் வந்த மாதிரி இருந்தது. இங்கே ஒரு விஷயம். சேர்த்த 200 டாலரால் என் லாபம் ஒரு பைசாகூட அதிகமாகாது. ஒப்பந்தம் அதே 3,000-தான். நான் வாங்கியது பிட்காயின் விலை இன்னும் 2,900 டாலர் பக்கம் இறங்கினாலும் தாங்கும் இடம், அதுவும் சாயங்காலம் வரைக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விலை கல்லைக் கட்டிப் போட்ட மாதிரி இறங்கியது. அம்மா கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தார். நான் வர்த்தகம் செய்த தளத்தின் ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. அன்று உலகம் முழுக்கப் பல தளங்கள் திணறின. இன்னும் மார்ஜின் போடலாம் என்றாலும் முடியாது, நஷ்டத்தோடு வெளியே வரலாம் என்றாலும் முடியாது. ஆப் திறப்பதற்கு முன்பே மெயில் வந்துவிட்டது. உங்கள் பொசிஷன் லிக்விடேட் செய்யப்பட்டது. பிட்காயின் 30,000 வரை போய்த் தொட்டது. நான் படுக்கப் போகும்போது 38,000 பக்கம் ஏறி நின்றது.

என் அப்பா ஒரு கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உரைகல்லும் தராசும் தவிர வேறு எதையும் எளிதில் நம்ப மாட்டார். ராத்திரி திண்ணையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டுமே என்று, நகையை அடகு வைத்த மாதிரிங்ப்பா, விலை இறங்கியதும் ஏலம் போட்டுவிட்டார்கள் என்றேன்.

"ஏன் அம்மிணி, நோட்டீஸ் வந்துச்சா?"

"இல்லீங்ப்பா."

"தவணை ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"இல்லீங்ப்பா."

"100 ரூபாய் நகைக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"ஆயிரங்ப்பா."

அப்பா சிரித்துவிட்டார். அவர் வேலையில் இருந்தபோது 100 ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 75 ரூபாய்க்கு மேல் கடன் கிடையாது. தங்கம் விலை இறங்கினாலும் தாங்குவதற்குத்தான் அந்த 25. ஏலம் என்றால் பதிவுத் தபால், பேப்பரில் விளம்பரம், அதற்கு ஒரு தேதி. ஏலத்தில் கடனுக்கு மேல் வந்தால் மீதியை நகைக்காரருக்கே திருப்பித் தர வேண்டும். என் கணக்கில் மூடும்போது மிச்சம் இருந்த கொஞ்சமும் லிக்விடேஷன் கட்டணம், இன்சூரன்ஸ் ஃபண்ட் (மார்ஜின் போதாத நஷ்டங்களை ஈடுகட்டத் தளம் வைத்திருக்கும் நிதி) என்று போய்விட்டது. கடைசியாக ஒன்று கேட்டார்.

"நகை விலைதான் மறுபடி ஏறிடுச்சுங்கறயே, இப்ப நகை யாருகிட்ட இருக்குது?"

நகையே இல்லீங்ப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விலை ஏறும் என்று நான் நினைத்தது தப்பில்லை. ஆகஸ்டில் 43,200-ஐத் தாண்டியது. நவம்பர் 10-ஆம் தேதி 69,000 வரை போனது. தம்பியின் காயின் அன்று 480 டாலர் பக்கம். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்கிற கிரிப்டோ தளம் திவாலானபோது விலை 16,000-க்கும் கீழே போனது. அவன் ஆப்பைத் திறப்பதையே விட்டுவிட்டான், அவனை யாரும் மூடவில்லை. 2024 மார்ச்சில் பிட்காயின் 70,000 டாலருக்கு மேல் இருந்தபோது விற்று 40,000 ரூபாய் வாங்கினான். அவனுடைய ரிட்டர்னை நான்தான் போட்டேன். 17,000 ரூபாய் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸும் சேர்த்து 5,300 சொச்சம். புலம்பிக்கொண்டே கட்டினான். பைக்குக்கு முன்பணம் போக மிச்சத்தில் எனக்குப் பொரி கடலை வாங்கி வந்தான்.

சரி, பையனின் 50 எக்ஸுக்கு வருவோம். அவனுக்குத் தெரியாத இரண்டு செலவு அதில் இருந்தது. தளத்தின் கட்டணம் ஒப்பந்த அளவின் மேல் போடப்படும், மார்ஜினின் மேல் இல்லை. 0.05 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு உள்ளே போக 50 ரூபாய், வெளியே வர 50 ரூபாய். அவன் போடுவது 2,000. விலை அசையாமல் நின்றாலே 5 சதவீதம் காலி. அடுத்தது ஃபண்டிங். எங்கள் மண்டிக்காரர்களில் மஞ்சள் ஃபியூச்சர்ஸ் செய்கிறவர்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி நெருங்க நெருங்க ஃபியூச்சர்ஸ் விலை சந்தை விலையோடு சேர்ந்துவிடும். கிரிப்டோவில் அதிகம் ஓடுவது 2016-இல் பிட்மெக்ஸ் என்கிற தளம் கொண்டுவந்து பரவிய பெர்பெச்சுவல் என்கிற வகை. அதற்குக் காலாவதியே கிடையாது. அதன் விலை சந்தை விலையிலிருந்து கட்டறுத்துக்கொண்டு போகாமல் இருக்க லாங்குக்கும் ஷார்ட்டுக்கும் இடையே ஒரு தொகை கைமாறும். லாங் பக்கம் கூட்டம் அதிகம் என்றால் லாங்காரர் கொடுக்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. நம் நேரத்துக்கு விடிகாலை 5.30, மதியம் 1.30, இரவு 9.30. ஒரு தடவைக்கு 0.01 சதவீதம் என்றாலே ஒரு லட்சத்துக்கு நாளைக்கு 30 ரூபாய். 2,000-இல் ஒன்றரை சதவீதம். கந்து வட்டிக்காரர் கேட்டால் வெட்கப்படுவார்.

இன்னொன்று, ஆப்பில் கிராஸ், ஐசோலேட்டட் என்று இரண்டு இருக்கும். ஐசோலேட்டட் என்றால் அந்த ஒப்பந்தத்துக்கு வைத்த மார்ஜின் மட்டும்தான் போகும். கிராஸ் என்றால் ஃபியூச்சர்ஸ் கணக்கில் கிடக்கிற எல்லாப் பணமும் மார்ஜின். ஒன்று மூழ்கினால் மற்றதையும் இழுக்கும். சில ஆப்களில் தொட்டதும் கிராஸில்தான் நிற்கும். பையன் போனில் கிராஸில்தான் நின்றது, மாற்றச் சொன்னேன்.

"அப்போ ஷார்ட் போட்டா, அக்கா? எப்படியும் விழத்தானே செய்யுது?"

ஷார்ட்டுக்கும் அதே கணக்குதான், ஏறினால் மூடும் என்பது மட்டும்தான் மாற்றம். ஆனால் 2025 அக்டோபரில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் 10-ஆம் தேதி, நமக்கு 11-ஆம் தேதி சனிக்கிழமை விடிகாலை. சீனப் பொருட்களுக்குக் கூடுதலாக 100 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்தார். அன்று 1,22,000 டாலர் பக்கம் இருந்த பிட்காயின் 1,05,000 பக்கம் விழுந்தது. சின்னக் காயின்கள் சில நிமிடங்களில் பாதிக்கு மேல் போயின. ஒரே நாளில் 1,900 கோடி டாலருக்கு மேல் லிக்விடேஷன், 16 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகள் என்று கிரிப்டோ புள்ளிவிவரம் தரும் காயின்கிளாஸ் தளம் கணக்குக் காட்டியது. அதில் கவனிக்க வேண்டியது ஷார்ட் பக்கம். அவர்கள் நினைத்தது சரி, விலை விழுந்தது, லாபத்தில் இருந்தார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் தோற்றவர்களின் மார்ஜின் பற்றவில்லை. இன்சூரன்ஸ் ஃபண்டும் பற்றாதபோது லாபத்தில் இருப்பவர்களின் ஒப்பந்தத்தையே தளம் பாதியில் மூடும். ஆட்டோ டீலெவரேஜிங் என்று பெயர். அன்று பல தளங்களில் அது நடந்தது. ஒரு காயினில் லாங், இன்னொன்றில் ஷார்ட் என்று பேலன்ஸ் செய்து வைத்திருந்தவர்களுக்கு ஷார்ட்டை மட்டும் மூடிவிட்டால் என்ன ஆகும்? லாங் தனியாக நின்று அடிவாங்கும். இந்த விதி பல தளங்களின் நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது. நாம்தான் கீழே வரைக்கும் படிப்பதில்லை.

ஸ்டாப் லாஸ், அதாவது இந்த விலைக்கு வந்தால் தானாகவே மூடிவிடு என்கிற ஆர்டர், போட்டுக்கொள்ளலாமே என்றான். போட வேண்டும்தான். 50 எக்ஸில் அதை எங்கே போடுவாய் என்று கேட்டேன். லிக்விடேஷனுக்கு முன்னால் போட வேண்டும், அதாவது ஒரு சதவீதத்தில். சும்மா ஆடுகிற ஆட்டத்திலேயே அது தொட்டுவிடும். நாளைக்கு நாலு தடவை தொட்டால் நாலு தடவை கட்டணம். 5 எக்ஸ் என்றால் 7, 8 சதவீதம் தள்ளிப் போடலாம், மூச்சு விட இடம் இருக்கும். 2021 ஜூலையில் எஃப்டிஎக்ஸும் பைனான்ஸ் (Binance) என்கிற இன்னொரு பெரிய தளமும் தாங்களாகவே உச்ச லெவரேஜை 20-க்குக் குறைத்தன. எஃப்டிஎக்ஸில் அதுவரை 101, பைனான்ஸில் 125, பைனான்ஸ் முதலில் குறைத்தது புதுக் கணக்குகளுக்கு. கடை போட்டவர்களுக்கே 100 எக்ஸ் கூச்சமாக இருந்திருக்கிறது.

வரியைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரி. ஸ்பாட்டில் ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஃபியூச்சர்ஸை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. ஸ்டேட்மெண்ட்டை மட்டும் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-க்கு அப்புறம் ஆப்பை அழித்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு நாங்கள் ஜாதகம் பார்த்தா கணக்கு எழுதுவது?

பையன் புள்ளியை 50-இலிருந்து இழுத்துக்கொண்டே வந்து 3-இல் நிறுத்தினான். ஒப்பந்த அளவு 6,000 ரூபாய் என்று காட்டியது.

"ஒரு பர்சன்ட் ஏறினா அறுபது ரூபாய்தானுங்களா அக்கா?"

"ஆமா. உள்ளே போய் வெளியே வர ஆறு ரூபாய் போக."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். மேசையில் மஞ்சள் மண்டிக்காரரின் பில் கட்டு கிடந்தது, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போக வேண்டும். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தான். வாங்கினானா என்று நான் கேட்கவில்லை. ஆப்பை அழித்த மாதிரியும் தெரியவில்லை.